17 வாரங்கள்: முதல் டாவி நோயாளியும் அவருடைய காலும்

2002 ஏப்ரல் 16. பிரான்ஸின் ரூவான் நகரில், ஷார்ல் நிக்கோல் மருத்துவமனையின் கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியே இதயச் சிகிச்சை செய்யும் அறை) 57 வயது ஆண் ஒருவர் படுத்திருக்கிறார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் பெருந்தமனி வால்வு கால்சியம் படிந்து கல்லாக இறுகிப்போயிருக்கிறது. இதயம் தள்ளும் ரத்தம் உடம்புக்குப் போதவில்லை; ரத்த அழுத்தம் விழுந்து, கார்டியோஜெனிக் ஷாக் எனப்படும் நிலைக்குப் போய்விட்டார். அது போதாதென்று, காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் சில நாட்களாகக் குறைந்துகொண்டே வருகிறது. இதயத்துக்கு வெளியேயும் வேறு நோய்கள். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற அறுவை மருத்துவர்கள் முன்வரவில்லை. பலூன் வைத்து வால்வை விரித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் தேறினார், ஆனால் அந்த முன்னேற்றம் நிற்கவில்லை.

நெஞ்சைத் திறக்காமல், கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் செலுத்தி, அதன் வழியாகப் பெருந்தமனி வால்வு பொருத்தப்பட்ட முதல் மனிதர் இவர்தான். இன்று டாவி என்ற பெயரில் லட்சக்கணக்கானோருக்கு நடந்திருக்கும் சிகிச்சையின் முதல் பக்கம். வால்வு கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது. நோயாளி 17 வாரங்களில் இறந்துபோனார். இந்த இரண்டு வாக்கியங்களும் அவருடைய மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட ஒரே அறிக்கையில் இருக்கின்றன என்பதால்தான் இந்த நிகழ்வைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். டாவியின் பலன்களையும் சிக்கல்களையும் பற்றிப் பின்னால் பெரிய ஆய்வுகள் சொன்னதில் பாதி, இந்த ஒரே மனிதரிடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

அதற்கு முன்

நல்ல நிலையில் இந்த வால்வின் வாய் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தீவிரச் சுருக்கம் என்பார்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்று அறிகுறிகள் தொடங்கிய பிறகு மருந்து பெரிதாக உதவாது. கதவு துருப்பிடித்துப் பாதியில் நிற்கும்போது, தள்ளுகிறவருக்கு சத்து மாத்திரை கொடுத்து என்ன பயன்?

அறுவைச் சிகிச்சை 1960களிலிருந்தே இருந்தது. ஆனால் முதியவர்கள், வேறு நோய்களால் நொடித்தவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் அதற்கு வெளியே நின்றது. அவர்களுக்காகத்தான் இதே ரூவானில் டாக்டர் அலேன் கிரிபியே 1985 செப்டம்பரில் 72 வயதுப் பெண்மணி ஒருவருக்கு பலூனால் வால்வை விரித்தார். உலகமே அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. சில வருடங்களில் கைவிட்டும் விட்டது. காரணம், விரித்த வால்வு பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் மறுபடி சுருங்கியது.

திரும்பச் சுருங்காமல் தாங்கிப்பிடிக்க உள்ளே ஒரு ஸ்டென்ட் வேண்டும், அந்த ஸ்டென்டுக்குள்ளேயே ஒரு வால்வைத் தைத்துவிட்டால்? யோசனை எளிமையாகத்தான் இருக்கிறது. டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989 மே மாதமே, தானே கையால் செய்த அப்படியொரு வால்வைப் பன்றியின் உடலில் பொருத்திக் காட்டியிருந்தார். கிரிபியே குழு 1990களின் முற்பகுதியில் இறந்தவர்களின் கால்சியம் படிந்த வால்வுகளுக்குள் வெறும் ஸ்டென்டை விரித்துப் பார்த்தது. பயந்த மாதிரி நடக்கவில்லை. கல்லான வால்வுக்குள்ளும் ஸ்டென்ட் வட்டமாக விரிந்தது. இழுத்தாலும் எளிதில் பெயரவில்லை. சரியான உயரத்தில் வைத்தால் இதயத் தமனிகளின் வாயை அடைக்கவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் எதிரியாகப் பார்த்த கால்சியமே வால்வைப் பிடித்து நிறுத்தும் கொக்கியாகிவிட்டது. தையலே போடாமல் வால்வு நிற்பது இதனால்தான்.

பெரிய நிறுவனங்கள் பல வருடங்கள் கதவைச் சாத்தின. கடைசியில் 1999இல் அமெரிக்க இதய மருத்துவர் மார்ட்டின் லியோன் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து கிரிபியே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். செம்மறி ஆடுகளில் சோதனை நடந்தது. 2000இல் பாரிஸில் ஃபிலிப் போன்ஹோஃபர் ஒரு சிறுவனுக்கு நுரையீரல் தமனி வால்வைக் கதீட்டர் வழியே பொருத்தினார். ஆனால் பெருந்தமனி வால்வு வேறு விஷயம். அங்கே அழுத்தம் அதிகம், இதயத் தமனிகளின் வாய்கள் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன, கீழே, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்குச் செய்தது

பொருத்தவிருந்த வால்வு 23 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. மாட்டின் இதய உறைத் திசுவில் வெட்டிய மூன்று இதழ்கள், எஃகு ஸ்டென்டுக்குள் தைக்கப்பட்டவை. அதை ஒரு பலூனின் மேல் வைத்து நசுக்கிச் சுருக்கி, 24 பிரெஞ்ச் அளவுள்ள உறைக்குழாய் வழியாக உள்ளே அனுப்ப வேண்டும். கதீட்டர் அளவில் 3 பிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீட்டர். ஆக 24 பிரெஞ்ச் என்பது 8 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு பென்சிலைவிடக் கொஞ்சம் பருமன். ஆரோக்கியமான தொடைத் தமனிக்கே அது இறுக்கம். நம் நோயாளியின் கால் தமனிகளோ ஏற்கெனவே சாகக் கிடக்கின்றன.

அதனால் தமனி வழியை விட்டுவிட்டு, தொடைச் சிரை வழியாகப் போனார்கள். சிரையிலிருந்து இதயத்தின் வலது மேலறை. அங்கே இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை ஊசியால் துளைத்து இடது மேலறை. அங்கிருந்து மைட்ரல் வால்வைக் கடந்து இடது கீழறை. கீழறைக்குள் ஒரு கொண்டை ஊசி வளைவு போட்டுத் திரும்பினால் பெருந்தமனி வால்வு. ரத்தம் ஓடும் திசையிலேயே போகிற வழி இது. கேட்க இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வளைவில், கதீட்டருக்கு வழிகாட்டும் வயர் கொஞ்சம் விறைத்தாலும் அது மைட்ரல் வால்வின் முன்னிதழைப் பிடித்து இழுத்துத் திறந்தே வைத்துவிடும்; ரத்தம் பின்னால் பாய்ந்து, ஏற்கெனவே தள்ளாடும் இதயம் அந்த நிமிடமே சரியலாம். கிரிபியேவும் உடனிருந்த எலேன் எல்ச்சானினோஃப், கிறிஸ்தோஃப் த்ரோன் முதலியோரும் இந்தச் சுவர்த் துளைப்பு முறையில் கைதேர்ந்தவர்கள். வேறு குழுவிடம் இந்த நோயாளி போயிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வால்வு சரியான இடத்தில் உட்கார்ந்தது. இதயத் தமனி அடைபடவில்லை, மைட்ரல் வால்வுக்குக் கேடில்லை. புது வால்வின் விளிம்புக்கும் பழைய கால்சியச் சுவருக்கும் நடுவே லேசான ஓரக்கசிவு மட்டும் இருந்தது. ரத்த ஓட்ட நிலை வெகுவாக முன்னேறியது. 48 மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் வால்வு அருமையாக இயங்கியது.

அதன் பிறகு

அடுத்த நான்கு மாதங்களும் உணவுக்குழாய் வழி எக்கோ திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வால்வில் குறையில்லை. இதயச் செயலிழப்பு திரும்பவில்லை. ஆனால் கால் மோசமாகிக்கொண்டே போனது. வெட்டியெடுக்க வேண்டி வந்தது. வெட்டிய இடம் ஆறவில்லை. தொற்று ஏறியது. வால்வு பொருத்திய 17ஆவது வாரத்தில் மரணம்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலின் ரத்த ஓட்டம் சிகிச்சைக்கு முன்பே கெட்டிருந்தது. டாவிதான் காலை அழித்தது என்று எழுதினால் அது தவறு. அதேசமயம், “வால்வு வெற்றி, நோயாளி வேறு காரணத்தால் இறந்தார்” என்று மூடிவைப்பதும் எனக்கு உறுத்துகிறது. அறிக்கை அவருடைய இறுதிச் சிக்கல்களை “இதயம் சாராதவை” என்ற வகையில் வைத்தது. 2002இல் அது நியாயம்தான். ஆனால் பிற்பாடு இந்தத் துறையே கூடி உருவாக்கிய வார்க் வரையறைகளின்படி பார்த்தால் கணக்கு மாறுகிறது. முதல் வார்க் ஆவணம் 2011இல் வந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2021இல். அந்த மூன்றாம் பதிப்பில், கேத் லேபை விட்டு வெளியே வரும்போது கிடைக்கும் “தொழில்நுட்ப வெற்றி” தனி. 30 நாளில் பார்க்கும் “சாதன வெற்றி” தனி. ஓராண்டில் நோயாளி உயிரோடு, பக்கவாதம் இல்லாமல், மருத்துவமனைக்குத் திரும்ப ஓடாமல், வாழ்க்கைத் தரம் சரியாமல் இருக்கிறாரா என்பது தனி. நம் நோயாளி முதல் இரண்டிலும் தேறுவார். மூன்றாவதில் தோற்பார். இதயமல்லாத பிற ரத்தக்குழாய் நோயால் வரும் மரணத்தையும் இதய-ரத்தக்குழாய் மரணத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது வார்க் இரண்டாம் பதிப்பின் வழக்கம். அந்தக் கண்ணில் இவருடைய மரணத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதே ஒரு நல்ல வாதத்துக்கு இடம் தரும். கால் அழுகியதா, தொற்றா, எது கடைசி அடி?

இது வெறும் படிவப் பூர்த்தி விவகாரமில்லை. வீட்டுக்காரர்கள் மருத்துவரிடம் கேட்பது “ஆபரேஷன் சக்சஸா?” என்று. அவர்கள் மனதில் இருப்பதோ “அப்பா நடந்து வீட்டுக்கு வருவாரா, தீபாவளிக்கு இருப்பாரா” என்பது. இரண்டுக்கும் விடை வேறுவேறாக இருக்கலாம் என்பதற்கு இந்த முதல் நிகழ்வைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அடுத்து வந்தவர்கள்

ரூவான் குழு நிறுத்தவில்லை. வேறு வழியே இல்லாத நோயாளிகளை மட்டும் எடுத்துச் செய்த தொடக்ககாலப் பதிவுகளை 2006இல் வெளியிட்டார்கள். 36 பேரை எடுத்ததில் 27 பேருக்கு வால்வு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது: 23 பேருக்குச் சிரை வழி, நால்வருக்குத் தமனி வழி. வாயின் அளவு சராசரியாக 0.6இலிருந்து 1.7 சதுர சென்டிமீட்டருக்கு உயர்ந்தது. அதே 27 பேரில் முதல் 30 நாளுக்குள் பெரிய பாதகம் நேர்ந்தவர்கள் 26 சதவீதம். இதய உறைக்குள் ரத்தம் கட்டுவது, பக்கவாதம், தாளக் கோளாறு எல்லாம் அதில் இருந்தன. நால்வரில் ஒருவருக்குப் பாதகம் என்ற கணக்கை இன்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் எல்லோரும் அறுவைச் சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

டாவியைப் பெரிய அளவில் சோதித்த பார்ட்னர் ஆய்வில், அறுவைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களை வைத்து நடந்த பகுதி 2010இல் வந்தபோதுதான் எதிரே என்ன நிற்கிறது என்பது உறைத்தது. 358 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 50.7 சதவீதம், டாவி பெற்றவர்களில் 30.7. ஐந்து ஆண்டு கழித்து அது 93.6க்கு எதிராக 71.8. பலன் மறுக்க முடியாதது. அதோடு, டாவி பெற்ற 100 பேரில் 70க்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுக்குள் இல்லை என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. வால்வு மட்டுமே நோயாக இருந்தவர்கள் அந்த ஆய்வில் குறைவு. நம் 57 வயதுக்காரரின் கதைதான், கூட்டமாக.

கால் தமனி, இன்னொரு முறை

சிரை வழி கடினமாக இருந்ததால், 2005 வாக்கில் கனடாவின் வான்கூவரில் ஜான் வெப் குழு தொடைத் தமனி வழியைச் சாத்தியமாக்கியது. உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. எந்தக் கால் தமனியைக் கண்டு ரூவானில் ஒதுங்கினார்களோ, அதுவே இப்போது பிரதான சாலை. உறைக்குழாய் மட்டும் இன்னும் 22, 24 பிரெஞ்ச். விளைவு எதிர்பார்த்ததுதான். மேலே சொன்ன 358 பேரில் டாவி பெற்றவர்களுக்கு 30 நாளில் பெரிய ரத்தக்குழாய்ச் சிக்கல் 16.2 சதவீதம், மற்றவர்களுக்கு 1.1.

இந்தச் சிக்கல் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். வால்வு அழகாகப் பொருந்திவிட்டது, எக்கோ பார்த்து எல்லோரும் ஆசுவாசமாகிவிட்டார்கள். உறைக்குழாயை வெளியே இழுக்கிறார்கள். கொஞ்சம் பிடிக்கிறது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் வந்துவிடுகிறது. சில நொடிகளில் ரத்த அழுத்தம் இறங்குகிறது. குழாய் உள்ளே இருந்தவரை அதுவே கிழிசலை அடைத்துக்கொண்டிருந்தது. இடுப்புத் தமனி கிழிந்தது தெரிவது குழாய் வெளியே வந்த பிறகுதான். அனுபவமுள்ளவர்கள் வயரை மட்டும் கடைசிவரை உள்ளேயே விட்டுவைப்பது இதற்காகத்தான். வயர் இருந்தால் பலூனை ஏற்றி அடைக்கலாம், உறையிட்ட ஸ்டென்ட் வைக்கலாம். வயரையும் எடுத்துவிட்டால் வயிற்றைத் திறக்க ஆள் தேட வேண்டியதுதான்.

குழாய் இளைத்தது. இன்று 14 பிரெஞ்ச், ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. வால்வு கடக்கும்போது மட்டும் விரிந்து, பிறகு சுருங்கும் உறைகளும் வந்துவிட்டன. இடுப்பிலிருந்து தொடை வரை தமனியின் விட்டம், வளைவு, கால்சியம் மூன்றையும் சி.டி. ஸ்கேனில் முன்பே அளந்துவிடுகிறார்கள். டாவியை அறுவையோடு ஒப்பிட்டு 2019இல் வந்த பார்ட்னர் 3 ஆய்வில், டாவி பெற்றவர்களுக்குப் பெரிய ரத்தக்குழாய்ச் சிக்கல் 2.2 சதவீதம். 16இலிருந்து 2 என்று மார்தட்ட முடியாது. இது அறுவை ஆபத்துக் குறைந்த, சராசரி 73 வயதுள்ள, கால் தமனி நன்றாக இருந்தவர்களைத் தேர்ந்து எடுத்த ஆய்வு. நம் நோயாளி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

லேசான கசிவும், மின்பாதையும்

2002 அறிக்கையில் ஒரு சொற்றொடராக வந்துபோன அந்த ஓரக்கசிவு, பத்து வருடம் கழித்துப் பெரிய தலைவலியானது. ஆபத்து மிகுந்தவர்களிடம் டாவியை அறுவையோடு ஒப்பிட்ட பார்ட்னர் பிரிவில், 30 நாளில் மிதமானது முதல் தீவிரமான ஓரக்கசிவு டாவியில் 12.2 சதவீதம், அறுவையில் 0.9. இரண்டாண்டு முடிவுகளில் லேசான கசிவு இருந்தவர்களிடமும் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. மூலகாரணங்களில் ஒன்று அளவெடுத்த முறை. வால்வு வளையம் வட்டமல்ல, முட்டை வடிவம். சாதாரண எக்கோவில் ஒரு குறுக்களவை எடுத்து வால்வு வாங்கினால், காலின் அகலத்தை மட்டும் பார்த்துச் செருப்பு வாங்கிய கதைதான். சி.டி.யில் முழுச் சுற்றளவையும் பரப்பையும் அளக்கத் தொடங்கியதும், வால்வின் அடியில் கசிவை அடைக்கும் வெளிப்பாவாடை தைத்ததும் நிலைமையை மாற்றின. பார்ட்னர் 3இல் மிதமான அல்லது தீவிரமான கசிவு ஓராண்டில் 0.6 சதவீதம்தான். லேசான கசிவு மட்டும் 29.4 சதவீதம் பேருக்கு இன்னும் இருந்தது, அறுவையில் 2.1.

பேஸ்மேக்கர் விஷயம் வேறு மாதிரி. இதயத்தின் மின்கம்பி மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் இடம், வால்வு வளையத்தின் நேர் கீழே, மெல்லிய சவ்வுச் சுவரை ஒட்டி இருக்கிறது. புது வால்வு கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்தால் அதை நசுக்கும். குறைந்த ஆபத்துள்ளோரிடம் 2019இல் வந்த இரண்டு ஆய்வுகளில், பலூனால் விரியும் வால்வில் 6.5 சதவீதம் பேருக்கும், தானே விரியும் வால்வில் 17.4 சதவீதம் பேருக்கும் 30 நாளுக்குள் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. சரி, மேலே தூக்கி வைத்தால்? வைக்கிறார்கள், பேஸ்மேக்கர் தேவை குறைகிறது. ஆனால் உயரே நிற்கும் ஸ்டென்ட் கம்பிகளுக்குப் பின்னால் இதயத் தமனியின் வாய் மறைந்துகொள்கிறது. ஐந்து வருடம் கழித்து அவருக்கு மாரடைப்பு வந்து ஆஞ்சியோ செய்கிறவர் திட்டிக்கொண்டே தேடுவார்.

பக்கவாதத்தில் முன்னேற்றம் உண்டு, ஆனால் எதனால் என்பது குழப்பம். கால்சியத் துணுக்குகள் மூளைக்குப் போகாமல் வடிகட்டி வைத்தால் குறையும் என்று எல்லோரும் நம்பினோம்; வடிகட்டியில் துணுக்குகள் சிக்கவும் சிக்கின. 2022இல் 3000 பேரிடம் பார்த்ததில் பக்கவாதம் வடிகட்டியோடு 2.3, இல்லாமல் 2.9 சதவீதம், புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. 2025இல் பிரிட்டனில் 7000க்கும் மேற்பட்டோரிடம் 2.1, 2.2. கண்ணால் பார்க்கிற துணுக்கு எல்லாமே நோயாவதில்லை போலும்.

57 வயது

அந்த மனிதரின் வயதை இதுவரை கடந்துபோய்க்கொண்டே இருந்தோம். இன்றைய அமெரிக்க வழிகாட்டுதலில் 65க்குக் கீழே அறுவைதான் முதல் தேர்வு, 80க்கு மேல் டாவி, நடுவில் இரண்டும். அவர் வேறு நோயற்ற 57 வயதுக்காரராக இருந்திருந்தால் கேள்வி வால்வு எத்தனை வருடம் உழைக்கும் என்பதாக மாறியிருக்கும். பார்ட்னர் 3இல் ஓராண்டில் டாவிக்கு இருந்த தெளிவான முன்னிலை, ஐந்தாண்டில் சுருங்கியது: இறப்பு, பக்கவாதம், மறுஅனுமதி மூன்றையும் சேர்த்தால் 22.8க்கு எதிராக அறுவையில் 27.2 சதவீதம். இறப்பை மட்டும் எடுத்தால் டாவியில் 10, அறுவையில் 8.2. வால்வில் ரத்தக்கட்டு 2.5க்கு எதிராக 0.2. 57 வயதில் வைத்த வால்வு தேய்ந்தால் அதற்குள்ளேயே இன்னொன்று வைக்க வேண்டும், ஒருவேளை அதற்குள் மூன்றாவதும். இடம் போதுமா என்பதை முதல் வால்வு வைக்கும் நாளிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அவர் இப்போது அதே நிலையில் வந்தால்? ஷாக்கிலிருக்கும் நோயாளிக்கு அவசர டாவி இன்று அரிதல்ல. தோள்பட்டைத் தமனி, கழுத்துத் தமனி, வயிற்றுக்குள் பெருஞ்சிரையிலிருந்து பெருந்தமனிக்குத் துளைத்துச் செல்லும் வழி என்று தொடைத் தமனியைத் தொடாமல் போக மூன்று பாதைகள் உண்டு. மைட்ரல் வால்வை மிரட்டிய அந்தக் கொண்டை ஊசி வளைவு இதற்குத் தேவைப்படாது. சி.டி. அறிக்கையில் வால்வின் அளவுகளுக்கு முன்னால் இடுப்பு, தொடைத் தமனிகளைப் பார்ப்பார்கள். இதயக் குழுக் கூட்டத்தில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவரும் உட்கார்ந்திருப்பார்; வால்வைத் திறந்து அழுத்தம் ஏறிய கையோடு அந்தக் காலுக்கு எப்போது ரத்தம் கொண்டுபோவது, அன்றைக்கேவா மறுநாளா என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி.